செய்தியாக இருந்த பையன்கள்

வட்டுக்கோட்டை என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது 1976ஆம் ஆண்டின் தீர்மானம். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரின் பெயர், ஆங்கில எழுத்துக் கூட்டலில் உருக்குலைந்து ‘பட்டிகோட்டா’ ஆகி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அச்சான ‘மிஷனரி ஹெரால்ட்’ என்ற மாத இதழில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துப் பனங்காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் எந்தப் பையன் நன்றாகப் படிக்கிறான், எவன் காய்ச்சலில் கிடக்கிறான், எவன் ஞானஸ்நானம் கேட்கிறான் என்பதையெல்லாம் நியூ இங்கிலாந்துக் கிராமங்களில் விளக்கொளியில் வாசித்தார்கள். அந்தப் பள்ளியை, அதாவது 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியை, நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பாடத்திட்டத்தை வைத்தே அளக்கின்றன: ஆங்கிலம் வந்தது, யூக்ளிட் வந்தார், வானநூல் வந்தது, அதனால் யாழ்ப்பாணம் விழித்தது என்று. எனக்கு இந்தக் கணக்கு முழுதாக ஒப்பவில்லை. பாடத்துக்குச் சமமாக அங்கே இன்னொன்று நடந்தது. சேர்ந்து வாழ்வதும் அந்த வாழ்க்கையைச் செய்தியாக்குவதும் அந்தப் பள்ளியில் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. முதலில் செய்தியாக இருந்த பையன்கள், பிறகு செய்தி எழுதுகிறவர்கள் ஆனார்கள். தமிழ்ப் பொதுவாழ்வில் அச்சிட்ட வாதமும் எதிர்வாதமும் ஒரு பழக்கமானதில் இந்த மாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதே என் கட்சி.

இந்தப் பள்ளியை நடத்திய அமெரிக்க மிஷனின் முதல் ஆட்கள் நியூபரிபோர்ட் துறைமுகத்தில் 1815 அக்டோபரில் கப்பலேறி 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். ஐந்து மாதப் பயணம். டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகிய நால்வரும் தங்கள் மனைவியரோடும் தனியாகவும் வந்தவர்கள். ஆங்கிலேய அரசு அவர்களுக்கு யாழ்ப்பாணத்தை விட்டுக்கொடுத்தது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன, கூரை விழுந்த கோயில்களில் குடியேறினார்கள். ஊர்தோறும் இலவசப் பள்ளிகளைத் திறந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள், மணலில் எழுதினார்கள், ஓலையில் எழுதினார்கள், அறுவடை வந்ததும் வயலுக்கும் திருவிழா வந்ததும் கோயிலுக்கும் போய்விட்டார்கள். பகல் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இரவில் வீடு அழித்துவிடுகிறது என்று பாதிரிமார் கருதினார்கள். விடுதியை வேண்டியதற்குக் காரணம் இதுதான். படிப்பு முடியும்வரை பிள்ளையை விட்டுவைப்பதாகப் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள். நிலையத்துக்கு ஒரு சிறு விடுதி என்று தொடங்கியது, 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரே மேற்பள்ளியாகத் திரண்டது. அதைக் கல்லூரியாக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் அறிவியலும் கற்பிக்கும் கல்லூரிக்கான திட்டத்தை அந்த ஆண்டே அச்சிட்டு நிதி கேட்டார்கள். ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் அமெரிக்கர் ஒரு கல்லூரி நடத்துவதை அரசு விரும்பவில்லை. அதற்கு முன்பே, 1820இல் மிஷனுக்காக வந்திறங்கிய அச்சுத் தொழிலாளி ஜேம்ஸ் காரெட்டை அரசு தங்கவிடாமல் திருப்பி அனுப்பியிருந்தது. புதிய அமெரிக்கர் வருகைக்கு விதித்த தடை 1830களின் தொடக்கம்வரை நீடித்தது. இந்தச் சிறு நிர்வாக முடிவின் விளைவு சிறிதல்ல. அச்சுக்காரர் இல்லாத மிஷன் தன் செய்தியைப் பெரும்பாலும் கையால் எழுதிக் கப்பலில் ஏற்றியது. மானிப்பாயில் மிஷனுக்கென்று அச்சுக்கூடம் அமைந்தது 1834இல்தான்.

கப்பலில் போன கடிதங்களில் பெரும்பகுதி பையன்களைப் பற்றியது. ஏன் என்பதற்கு விடை பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சபையோ, ஒரு பெண்கள் சங்கமோ, ஒரு தனி மனிதரோ ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் அனுப்பினால், அந்தப் பணத்தில் ஒரு பையன் உண்டு உடுத்துப் படிப்பான். அவர்கள் சொல்லும் பெயரையும் தாங்குவான். இப்படித்தான் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஹென்றி மார்ட்டினாகவும் சேத் பேசனாகவும் ஜெரமையா எவார்ட்ஸாகவும் நத்தானியேல் நைல்ஸாகவும் மாறினார்கள். ஹென்றி மார்ட்டின் அனத்தோலியாவில் இளம் வயதில் இறந்த ஆங்கிலேய மிஷனரி. சேத் பேசன் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு போதகர். ஜெரமையா எவார்ட்ஸ், இந்தப் பாதிரிமாரை அனுப்பிய பாஸ்டன் மிஷன் சங்கத்தின் செயலாளராகவே இருந்தவர். ஊரில் கனகசபை என்று அழைக்கப்பட்ட பிள்ளை பதிவேட்டில் எவார்ட்ஸ். இதைப் பெயர்த் திருட்டு என்று சொல்வோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் உண்டு. தாய் தகப்பன் வைத்த பெயரைத் துடைத்துவிட்டு, கடல்கடந்த ஒருவரின் நினைவுக்காகப் பிள்ளையை நடமாடும் கல்வெட்டாக்குவது எளிதில் மன்னிக்கக்கூடியதல்ல. ஆனால் அந்தப் பெயர் ஒரு வழிப்பாதையாக இருக்கவில்லை. பெயர் கொடுத்தவர் பெயர் வாங்கியவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு பையனையும் தனித்தனியே கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளையின் கணக்கில் வருவது பிள்ளையின் வருகையும் பிரம்படியும். இங்கே ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் குணம், படிப்பு, நோய், ஐயம் எல்லாமே எழுதத் தகுந்த பொருளாயின. தன்னைப் பற்றி எங்கோ எழுதப்படுகிறது, எங்கோ வாசிக்கப்படுகிறது என்று தெரிந்து வளரும் பிள்ளை, எழுத்து என்பதை வேறு விதமாகத்தான் புரிந்துகொள்வான். கடிதம் போக ஐந்து மாதம், பதில் வர ஐந்து மாதம் என்று வைத்தால், ஒரு விசாரிப்பின் சுற்று முடிய ஏறக்குறைய ஓராண்டு. அதற்குள் சில வேளைகளில் அந்தப் பையன் செத்தும் போயிருப்பான், விடுதியை விட்டு ஓடியும் போயிருப்பான்.

சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுதுவது எளிது. அந்தச் சேர்க்கைக்கு இருந்த வேலிகளையும் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் வெள்ளாளப் பிள்ளைகள் மிஷன் கூரையின் கீழ் உண்ண மறுத்தார்கள். பாதிரிமார் மசிந்தார்கள்: மிஷன் வளவுக்கு வெளியே, சைவர் ஒருவரின் நிலத்தில் தனிக் குசினி, சைவச் சமையற்காரர். பிள்ளைகள் பாடம் கேட்பது வேதக்காரரிடம். சோறு உண்பது வேலிக்கு அப்பால். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட ‘இலங்கையில் கிறிஸ்தவம்’ என்ற நூலில் இந்தக் காலத்து விவரங்களைச் சொல்கிறார். கிணற்றுக் கதையும் அதில் வருகிறது. தீண்டாமை பாராட்டப்பட்டோர் தொட்ட கிணற்று நீரைக் குடிக்க மாட்டோம் என்று பிள்ளைகள் நின்றபோது, கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கிவிட்டுக் குடிக்கலாம் என்ற சமாதானம் எழுந்ததாம். துலாவும் பட்டையும் கொண்டு நாளெல்லாம் இறைத்தாலும் ஊற்றுக் கிணறு வற்றுமா? பழைய நீர் போய்விட்டது, இப்போது நிற்பது புதுநீர் என்று தங்களுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு குடித்தார்கள். டெனன்ட் இதை மூடநம்பிக்கை தளர்ந்ததற்கு அடையாளமாகச் சொல்கிறார். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. சாதியை விடாமலே ஒரே இடத்தில் வாழ்வதற்கு ஒரு தர்க்கத்தைக் கூடிப் பேசி உருவாக்கிக்கொண்டார்கள். சாதி நின்றது, விடுதியும் நின்றது. காலப்போக்கில் குசினி வளவுக்குள்ளே வந்தது. அதனால் சாதி வளவை விட்டு வெளியே போய்விடவில்லை.

இங்கே வரும் மறுப்பு வலுவானது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய மூடிக்கிடந்த விடுதியைச் சமூக வாழ்வின் நாற்றங்கால் என்று எப்படிச் சொல்லலாம்? பெரும்பாலும் ஒரே சாதியார், அதிலும் காணி உள்ள வீட்டார், ஏற்கெனவே இருந்த செல்வாக்கை ஆங்கிலத்தால் மெருகேற்றிக்கொண்ட இடம்தானே அது? இதை நான் மறுக்கவில்லை. வட்டுக்கோட்டையில் உருவான பொதுவாழ்வு குறுகியது. அதன் குறுக்கம் பிற்கால யாழ்ப்பாண அரசியலிலும் தொடர்ந்தது. பெண்களுக்கு உடுவிலில் 1824இல் தனி விடுதிப் பள்ளி வந்தது உண்மை. ஆனால் அங்கே படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது என்பதை அறிந்தால், சீர்திருத்தம் ஊர் வழக்கத்தோடு எத்தனை தூரம் கைகோத்து நடந்தது என்று விளங்கும். உடுவில் பெண்ணும் வட்டுக்கோட்டைப் பையனும் மணந்து உண்டான குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைக்கு ஆசிரியராகவும் போதகராகவும் வைத்தியராகவும் ஒருவரையொருவர் அறிந்திருந்தன. குறுகிய வட்டம்தான், ஆனால் அந்த வட்டத்துக்குள் தகவல் ஓடிய வேகமும் நம்பகமும் அதற்கு வெளியே அன்று இல்லை. நான் சொல்லவருவது அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டுமே. அது நீதியானதா என்பது இன்னொரு வழக்கு.

செமினரி ஊரை நோக்கித் திரும்பியதற்குச் சிறந்த சான்று 1829ஆம் ஆண்டின் சந்திர கிரகணம். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் கணித்தவர்களில் பெயர்பெற்றவர் விசுவநாத சாஸ்திரியார். அவருடைய கணக்குக்கும் செமினரியின் தலைவர் பூரின் கணக்குக்கும் கிரகணத்தின் நேரத்தில் வேறுபாடு இருந்தது. பூர் அந்த வேறுபாட்டை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். கிரகண இரவில் கூட்டத்தைக் கூட்டிக் கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் செய்தார். மேலைக் கணக்கு வென்றது. மிஷன் ஏடுகள் இந்த வெற்றியை ஆண்டுக்கணக்கில் கொண்டாடின. புராணம் பொய்த்தது, ஆகவே சமயமும் பொய்க்கும் என்ற அவசர முடிவுக்கும் பாய்ந்தன. சில நிமிட வேறுபாட்டில் தோற்றது ஒரு வாய்பாடுதான், சித்தாந்தமல்ல என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த இரவில் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது: ஒரு கூற்று நாள் குறித்து, நேரம் குறித்து, பெயர் சொல்லி முன்வைக்கப்பட்டது; பலர் கண்முன் சோதிக்கப்பட்டது. கூற்றைச் சொன்னவர் தோற்கவும் கூடும் என்ற நிபந்தனையை எல்லோரும் ஒப்புக்கொண்டே கூடினார்கள். செமினரியின் ஆண்டுத் தேர்வுகளும் இதே அச்சில் நடந்தன. தலைமை நீதியரசராக இருந்த சர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயரைத் தாங்கிய ஒட்லி மண்டபத்தில், அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்திருக்க, பையன்கள் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொன்னார்கள். பூருக்குப் பின் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் பஞ்சாங்கத்தைக் கேலி செய்வதோடு நிற்கவில்லை. அந்தக் கணிதத்தைத் தானே கற்று 1848இல் நூலாக வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்கக் கீழைத்தேய ஆய்வுச் சங்கத்தின் இதழில் வரச் செய்தார். எதிராளியின் நூலை ஒழுங்காக வாசித்துவிட்டுத்தான் வாதாட வேண்டும் என்ற பாடத்தை ஆசிரியரே பிந்திக் கற்றார் போலும்.

1841 ஜனவரி 7, வியாழக்கிழமை. மானிப்பாய் அச்சுக்கூடத்தில் ‘உதயதாரகை’யின் முதல் இதழ் வெளியானது. மாதம் இருமுறை, தமிழிலும் ஆங்கிலத்திலும். இலங்கையின் முதல் தமிழ்ச் செய்தித்தாள் என்று நாம் கொண்டாடும் இதழின் ஆசிரியர்கள் யாரென்று பார்த்தால், ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரை மட்டும் வாசிக்கிற ஒருவர் இரண்டு வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடுவார். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள். வட்டுக்கோட்டையின் பழைய மாணவர்கள். இருபது ஆண்டுக்கு முன் பாஸ்டனுக்குப் போன கடிதங்களில் வெறும் பெயராக இருந்த பிள்ளைகளின் தலைமுறை, இப்போது தானே தாளைக் கோத்து அடுக்கியது. கல்வி, அறிவியல், உழவு, அரசு, சமயம், நாட்டு நடப்பு என்று இதழ் எடுத்துக்கொண்ட பரப்பைப் பார்த்தால் செமினரியின் நாளட்டவணை ஞாபகம் வரும். காலைப் பாடம், மாலைத் தர்க்கம், இரவு வழிபாடு ஆகிய மூன்றும் பத்திகளாகப் பிரிந்து தாளில் படுத்தது போல இருக்கும். பிறகு பல்லாண்டு அந்த இதழை நடத்தியவர் ஜே. ஆர். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, அவரும் செமினரிப் பிள்ளை. அவருடைய ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட புலவர்களுக்கு, அகர வரிசையில், பெயர், ஊர், காலம், செய்த நூல் என்று குறிப்பு எழுதிய நூல் அது. புலவர்களைப் பற்றித் தமிழில் அதற்கு முன் கதைகள் உண்டு. ஆளுக்கு ஒரு பதிவு என்ற முறை குறைவு. விடுதிப் பேரேட்டில் பையனுக்கு ஒரு வரி எழுதிய கை, கம்பனுக்கும் காளமேகத்துக்கும் அதே முறையில் வரி எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அது மிஷன் பத்திரிகைதானே, மதமாற்றத்தின் ஊதுகுழல்தானே என்ற எதிர்வாதம் உடனே எழும். ஆம், மிஷன் பணத்தில் மிஷன் அச்சில் வந்தது. சைவத்தைத் தாக்கும் கட்டுரைகள் அதில் தாராளம். ஆனால் செய்தித்தாள் என்ற உருவத்தை எடுத்த மாத்திரத்தில் அது தன்னைத் தானே ஒரு கடமையில் மாட்டிக்கொண்டது: கடிதம் வந்தால் போட வேண்டும். 1842இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவர்கள் கூடி, பள்ளி வேண்டும், அச்சுக்கூடம் வேண்டும் என்று பேசினார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், எருசலேம் தேவாலயத்துச் சடங்குகளையும் சைவக் கோயில் வழிபாட்டையும் ஒப்பிட்டு, உங்கள் வேதத்தில் உள்ளதை எங்கள் கோயிலில் ஏன் பழிக்கிறீர்கள் என்று கேட்கும் கடிதம் ஒன்று உதயதாரகையிலேயே அச்சானது. அதை எழுதியவர் அப்போது இருபது வயதுதான் கடந்திருந்த ஆறுமுகம், பின்னாளில் நாவலர் என்பது ஆய்வாளர் முடிவு. எதிராளியின் தாளில் எதிராளிக்கு விடை! நாவலர் வட்டுக்கோட்டையில் படித்தவர் அல்லர். யாழ்ப்பாணம் வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே வெஸ்லியன் பாதிரியார் பீட்டர் பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். ஆனாலும் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி, 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம், பிறகு பாலபாடம், துண்டு நூல், பிரசங்கம் என்று அவர் எடுத்த ஆயுதம் ஒவ்வொன்றும் மிஷன் எடுத்ததுதான். மிஷன் வெற்றியடைந்த இடம் மதமாற்றமல்ல, தன்னை எதிர்ப்பதற்கான கருவிகளைத் தானே பழக்கிக் கொடுத்ததுதான் என்று சொன்னால் பூர் துரை வருந்துவார். ஆனால் சான்று அப்படித்தான் நிற்கிறது.

இதைவிட நுட்பமான மறுப்பு ஒன்று உண்டு. வாதமும் எதிர்வாதமும் தமிழனுக்குப் பாதிரியார் வந்துதான் தெரிய வேண்டுமா? யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நெடுங்காலமாக நடந்தது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊர் கூடி நாள்கணக்கில் கேட்டது. பயன் சொல்பவர் தடுமாறினால் கேட்பவர்களில் ஒரு கிழவரே திருத்திவிடுவார். பரபக்கம் சொல்லிச் சுபக்கம் நாட்டுவது சைவ சித்தாந்தத்தின் பழைய முறை. செமினரிப் பையன்களுக்குத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவர்களும் உள்ளூர்ப் பண்டிதர்களே. அவர்கள் இல்லாமல் பாதிரிமாரின் தமிழ் எழுந்து நின்றிருக்காது. 1842இல் 58,500 சொற்களோடு வந்த யாழ்ப்பாண அகராதியின் பின்னால் உடுவில் சந்திரசேகர பண்டிதர் போன்றோரின் உழைப்பு இருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் படனத்தில் எழுந்த ஐயம் அன்றே, அந்த மண்டபத்திலேயே கரைந்துவிடும். உடன் இருந்தவர் மட்டுமே சாட்சி. தாளில் வந்த ஐயத்துக்கு நாள் உண்டு, எண் உண்டு. பருத்தித்துறையில் ஒருவர் அதை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து, ‘இன்ன இதழில் இப்படி எழுதினீரே’ என்று கேட்கலாம். முன்பு எழுதியதற்குப் பிணைப்பட்டு நிற்பது என்ற ஒன்றைத்தான் அச்சு சேர்த்தது. படனக்காரரும் பண்டிதரும் கொடுத்த சரக்கு இல்லாவிட்டால் இந்தப் பிணைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாஸ்டனுக்குப் போன செய்தி காலப்போக்கில் இனிக்கவில்லை. டெனன்ட் போன்றவர்கள் இந்தப் பள்ளியை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத் தகுந்தது என்று எழுதலாம். ஆனால் பணம் கொடுத்த சபைகளுக்கு வேண்டியது போதகர்கள். படித்து முடித்தவர்களோ கச்சேரியில் எழுத்தரானார்கள், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார்கள், சென்னைக்கும் மற்ற இடங்களுக்கும் வேலை தேடிப் போனார்கள். விடுதியில் வேதக்காரனாக இருந்தவன் வீட்டுக்குப் போய் நெற்றி நிறைய நீறு பூசினான் என்ற செய்தியும் போய்க்கொண்டே இருந்தது. மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலக் கல்வி பையனை அவன் ஊரிலிருந்து பிரித்துச் சம்பளக்காரன் ஆக்குகிறது, சுவிசேஷம் தாய்மொழியில்தான் வேர்விடும் என்பது அவர் கொள்கை. செமினரி மூடப்பட்டது. தோல்வியடைந்த பள்ளியை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர் என்று கேட்பவர்களுக்கு, யாருடைய அளவுகோலில் தோல்வி என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். மூடிய இரண்டொரு ஆண்டில், புதிதாகத் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் வட்டுக்கோட்டையார்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. முன்னவர் 1855இல் தமிழில் ‘வீசகணிதம்’ எழுதியவர், 1857இல் ‘சுப்பிரதீபம்’ எழுதி நாவலரோடு மோதியவர், பின்னால் சைவத்துக்கே திரும்பியவர். பின்னவர் சென்னையில் பேர்சிவலின் ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார். பிறகு வீரசோழியத்தையும் இறையனார் அகப்பொருளையும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் செல்லரித்த ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையரோடு வைத்து எண்ணப்படும் பதிப்பாசிரியர் செய்தித்தாள் மேசையிலிருந்து ஏட்டுக்குப் போனவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. மானிப்பாயில் மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் நடத்திய மருத்துவ வகுப்புக்கு முதலில் வந்த மாணவர்கள் பலரும் இதே செமினரிக்காரர்கள்தான். மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுத முடியும் என்று கிறீன் துணிந்ததற்கு அவர்கள் கையும் ஒரு காரணம்.  

பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. பள்ளி இல்லாத ஊரில் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது என்று கூடினார்கள், எழுதினார்கள், நிதி திரட்டினார்கள்; 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதைவிட விந்தையான கிளை வண்ணார்பண்ணையில் முளைத்தது. செமினரியில் படித்து அங்கேயே கற்பித்தவர், 1850இல் ‘நியாய இலக்கணம்’ எழுதித் தர்க்க நூலைத் தமிழில் வசப்படுத்தியவர், வில்லியம் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. பெயரின் முன்பாதி அமெரிக்கப் போதகர் ஒருவருடையது, பின்பாதி அவருடையது. 1880களின் பிற்பகுதியில் அவர் ‘நேட்டிவ் டவுன் ஹை ஸ்கூல்’ என்று ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்கு மாற்றாகச் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று தேடிய சைவ பரிபாலன சபை 1890இல் அந்தப் பள்ளியை ஏற்றது. அதுதான் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை பிறகு அதன் தலைமையாசிரியரானார். இந்துக் கல்லூரியின் தலைவர்கள் வரிசையில், முன்பொரு காலத்தில் யாரோ ஓர் அமெரிக்கர் பணத்தோடு அனுப்பிவைத்த அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.